330 டிகிரி: ‘லேடி பி குட்’ விமானத்துக்கு என்ன ஆனது?

1943 ஏப்ரல் 5, திங்கள்கிழமை. நள்ளிரவு தாண்டி 12 நிமிடம் ஆகியிருந்தது. லிபியாவில் பெங்காசிக்குப் பக்கத்தில் இருந்த பெனினா ரேடியோ நிலையத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. நேப்பிள்ஸ் துறைமுகம் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்று கூப்பிட்டது. எங்கள் தானியங்கித் திசைகாணும் கருவி வேலை செய்யவில்லை, நாங்கள் எந்தத் திசையில் இருக்கிறோம் என்று அளந்து சொல்லுங்கள் என்று விமானி வில்லியம் ஹாட்டன் கேட்டார். நிலையம் அளந்து பார்த்துப் பதில் சொன்னது: 330 டிகிரி, அதாவது வடமேற்கே.

அதற்கப்புறம் அந்த விமானம் தரையிறங்கவே இல்லை. அடுத்த 15 வருடங்களுக்கு அதைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது.

இந்தச் சம்பவத்தைப் பலர் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். பேய்க்கதையாகச் சொன்னவர்கள்கூட உண்டு. என்னை இழுத்தது அந்த எண்தான். 330 என்பது தப்பான எண் இல்லை. அன்றிரவு அளந்தவர் சரியாகத்தான் அளந்தார் என்றே நினைக்கிறேன். சரியான எண் ஒன்பது பேரை எப்படிப் பாலைவனத்தின் நடுவே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்த ஆய்வு.

புழுதியில் கிளம்பிய விமானம்

விமானம் பி-24டி லிபரேட்டர் வகை. நான்கு எஞ்சின். மூக்குப் பகுதியில் 64 என்ற எண்ணும் ‘லேடி பி குட்’ என்ற பெயரும் எழுதியிருந்தார்கள். அமெரிக்க விமானப்படையின் 376ஆவது குண்டுவீச்சுக் குழு, 514ஆவது ஸ்குவாட்ரன். பெங்காசிக்குத் தெற்கே இருந்த சொலூக் தளத்திலிருந்து இவர்கள் இயங்கினார்கள். தளம் என்றவுடன் சிமென்ட் ஓடுதளத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அது பாலைவனத்து மண்தரை.

ஹாட்டனும் அவர் குழுவும் லிபியாவுக்கு வந்தது மார்ச் 18. இந்த விமானம் வந்தது மார்ச் 25. ஏப்ரல் 4 அவர்களுக்கு முதல் போர்ப் பயணம். விமானமும் புதிது, ஆட்களும் புதிது.

ஒன்பது பேர். விமானி ஹாட்டன், துணை விமானி ராபர்ட் டோனர், வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டர் டி.பி. ஹேஸ், குண்டு வீசுபவர் ஜான் வொராவ்கா ஆகிய நால்வரும் அதிகாரிகள். எஞ்சின் பொறுப்பாளர் ஹரால்ட் ரிப்ஸ்லிங்கர், ரேடியோ ஆபரேட்டர் ராபர்ட் லாமோட், மெஷின்கன் வீரர்கள் கை ஷெல்லி, வெர்னன் மூர், சாமுவேல் ஆடம்ஸ். எல்லோரும் இளைஞர்கள். இவர்களில் டோனரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் நமக்குத் தெரிவதில் பாதி அவர் சட்டைப்பையில் வைத்திருந்த ஒரு சின்ன டைரியிலிருந்துதான் வருகிறது.

அன்று மத்தியானம் 25 லிபரேட்டர்கள் இரண்டு அலைகளாகக் கிளம்ப வேண்டும். முதலில் 12, பிறகு 13. லேடி பி குட் இரண்டாவது அலையில், கடைசியாகப் போன விமானங்களில் ஒன்று. கிளம்பும் நேரத்தில் தளத்தில் மணற்புயல். சில விமானங்களுக்கு எஞ்சினில் மணல் புகுந்து பாதி வழியில் திரும்ப வேண்டியதாயிற்று. மீதி விமானங்களும் அணியாகச் சேர முடியாமல் சிதறிப் போயின. “எல்லாம் குழப்பம்” என்ற அர்த்தத்தில் டோனரே டைரியில் எழுதியிருக்கிறார். விமானங்கள் 28 என்று அவர் கணக்கு. படைப்பதிவு 25 என்கிறது. எத்தனை பேர் கிளம்பினோம் என்பதே குழுவில் ஒருவருக்குத் தெளிவாகத் தெரியாத நாள் அது.

இரவு 7:50 வாக்கில் நேப்பிள்ஸ் பகுதியை எட்டினார்கள். இலக்கு கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு விமானங்கள் வேறு இலக்கைத் தாக்கின, மற்றவை குண்டுகளைக் கடலில் கொட்டிவிட்டுத் திரும்பின. அணியாகத் திரும்பியிருந்தால் முன்னால் போகிறவரைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் வந்துவிடலாம். இவர்கள் தனியாகத் திரும்பினார்கள். வானத்தில் நிலவும் இல்லை. அமாவாசையை ஒட்டிய இரவு.

பழைய டிரான்சிஸ்டரைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். சத்தம் குறைந்தால் டிரான்சிஸ்டர் பெட்டியைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படித் திருப்பி வைப்போம். ஒரு கோணத்தில் பாட்டு தெளிவாக வரும், இன்னொரு கோணத்தில் அமுங்கிப் போகும். உள்ளே இருக்கும் ஏரியலுக்குத் திசை உண்டு என்பதால் அப்படி. ஆனால் இதையும் செய்து பாருங்கள்: நன்றாகப் பாடும் கோணத்தில் வைத்துவிட்டு, பெட்டியை முழுசாக முன்பின்னாக மாற்றி வையுங்கள். பாட்டு அதே அளவுக்கு நன்றாகத்தான் வரும். நிலையம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று அந்த ஏரியலுக்குத் தெரியும். கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாது.

பெனினாவில் இருந்த வளைய ஏரியலும் இதே ஜாதி. சிக்னல் வரும் கோட்டை அது சொல்லும். அந்தக் கோடு நிலையத்துக்கு வடமேற்கே 330 டிகிரியாகவும் இருக்கலாம், அதற்கு நேர் எதிரே தென்கிழக்கில் 150 டிகிரியாகவும் இருக்கலாம். இரண்டாவது நிலையம் ஒன்று வேறு இடத்திலிருந்து அளந்திருந்தால் இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளி கிடைத்திருக்கும், குழப்பம் தீர்ந்திருக்கும். அன்றிரவு ஒரு கோடுதான்.

கடலிலிருந்து வர வேண்டிய விமானம், வடமேற்கிலிருந்து வர வேண்டிய விமானம். எனவே 330 என்று சொன்னார்கள். 150 என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் காரணம் இல்லை.

வரைபடத்தை எடுத்து வைத்து நானும் அளந்து பார்த்தேன். நேப்பிள்ஸிலிருந்து பெனினாவுக்கு நேர்கோடு போட்டால் சுமார் 1,100 கிலோமீட்டர். அந்தக் கோட்டின் திசை கிட்டத்தட்ட 330க்கும் 150க்கும் இடையே ஓடுகிற அதே கோடு. அதே கோட்டைப் பெனினாவைத் தாண்டித் தென்கிழக்காக இன்னும் 700 கிலோமீட்டர் இழுத்தால் எங்கே போகிறது? விமானம் பின்னால் கண்டெடுக்கப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அதாவது ஹாட்டன் வழி தவறி வளைந்து நெளிந்து அலையவில்லை. கோடு போட்டது மாதிரி நேராக வந்து, தளத்தைத் தாண்டி, நேராகவே போய்க்கொண்டிருந்தார். வழி தவறிய விமானம் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தவறியது வழி இல்லை, நிறுத்த வேண்டிய இடம்.

இதனால்தான் 330 என்ற பதில் அவ்வளவு மோசமாகிப் போனது. 90 என்றோ 200 என்றோ வந்திருந்தால் நேவிகேட்டர் திடுக்கிட்டிருப்பார், இன்னொரு முறை கேட்டிருப்பார். வந்ததோ அவர்கள் எதிர்பார்த்த அதே எண். சரியான பாதையில் இருக்கிறோம், இன்னும் கரை வரவில்லை, போய்க்கொண்டே இருப்போம்.

அந்த நேரத்தில் உண்மையில் எங்கே இருந்தார்கள்? இதில் இரண்டு கட்சி உண்டு. அழைப்பு வந்தபோதே விமானம் தளத்தைத் தாண்டித் தெற்கே போய்விட்டது, நிலையம் அளந்தது அதன் முதுகை என்பது ஒரு கட்சி. இல்லை, அப்போது கடல் மேல்தான் இருந்தது, 330 நிஜமாகவே 330தான், பின்காற்று தள்ளியதால் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தளத்தைக் கடந்துவிட்டது என்பது இன்னொரு கட்சி. டோனர் டைரிப்படி அவர்கள் தரையில் கால் வைத்தது அதிகாலை 2 மணிக்கு. ஆக 12:12இலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். லிபரேட்டர் நிதானமாகப் போனால் மணிக்கு 340 கிலோமீட்டர் சொச்சம் போகும். பெருக்கினால் 620 கிலோமீட்டருக்குப் பக்கம் வருகிறது. குதித்த இடமோ பெனினாவிலிருந்து 670, 680 கிலோமீட்டர் தூரம். பின்காற்று இல்லையென்றால் கூப்பிட்டபோது ஏற்கெனவே தாண்டியிருந்தார்கள். கொஞ்சம் பின்காற்று இருந்திருந்தால் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருந்தபடி கூப்பிட்டிருக்கிறார்கள். கடலுக்குள் வெகு தூரத்தில் இருந்திருக்க வழியே இல்லை. ஆகவே நான் முதல் கட்சி, அல்லது அதற்கு அரை அடி தள்ளி.

தளத்தில் இருந்தவர்கள் கவனத்தை ஈர்க்க ஃபிளேர் என்னும் வெளிச்ச வாணம் சுட்டிருக்கிறார்கள். மேலே இருந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. கீழே கரையோரமும் தெரிந்திருக்காது; போர்க்காலத்தில் எந்தக் கடலோர ஊரும் விளக்கேற்றி வைத்து வழி காட்டாது. நிலவில்லாத இரவில் உயரத்திலிருந்து பார்த்தால் மணலும் தண்ணீரும் ஒரே கறுப்பு. இந்த இடத்தில் நேவிகேட்டர் ஹேஸைக் குறை சொல்வது எளிது, பலர் சொல்லியும் இருக்கிறார்கள். முதல் பயணம், மணற்புயல், கலைந்த அணி, கெட்டுப்போன கருவி, இருட்டு, அதற்கு மேல் தைரியம் சொல்லும் ஒரு எண். இத்தனைக்கும் மேல் சந்தேகப்பட ஒரு மனுஷனுக்கு அசாத்திய அனுபவம் வேண்டும். அவருக்கு அது ஒரு நாள்கூட இல்லை.

குதித்தார்கள்

இரண்டு மணி வாக்கில் பெட்ரோல் தீரும் நிலை. ஒன்பது பேரும் பாராசூட்டோடு குதித்தார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு குதித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. பின்னால் அந்த ஜாக்கெட்டுகள் மணலில் கிடைத்தன. கீழே இருப்பது கடல் என்றுதான் நினைத்தார்களா, இல்லை கடல் மேல் பறக்கிறவர்கள் வழக்கமாக மாட்டியிருப்பதுதானா என்பது வேறு. கடலை ஒட்டிய எங்கோ இருக்கிறோம் என்ற எண்ணம் மட்டும் நிச்சயம்.

விமானம் அதன் பாட்டுக்குப் போனது. ஆளில்லாமல் இன்னும் சுமார் 26 கிலோமீட்டர் தெற்கே பறந்தது. மூன்று எஞ்சின் நின்றுவிட்டது, ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகத் தாழ்ந்து, கரடு முரடில்லாத சரளை மணல் சமவெளியில் வயிற்றால் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. இறக்கைக்குப் பின்னால் உடல் முறிந்ததே தவிர நொறுங்கவில்லை. விமானி இருந்து இறக்கியிருந்தாலும் அதைவிட நன்றாக இறக்கியிருப்பாரா என்பது சந்தேகம். உள்ளே தண்ணீர், சாப்பாடு, வேலை செய்யும் ரேடியோ எல்லாம் பத்திரம்.

எட்டு நாள்

கீழே எட்டு பேர் ஒன்று கூடினார்கள். வொராவ்காவைக் காணவில்லை. டோனர் டைரியின் முதல் பதிவிலேயே ஜானைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று இருக்கிறது. அடுத்த நாளும் அதையே எழுதுகிறார்: இன்னும் ஜான் இல்லை. அவர் பாராசூட் சரியாக விரியவில்லை என்பது 17 வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

எட்டு பேருக்கும் சேர்த்துப் பாதி கேன்டீன் தண்ணீர். ராணுவக் கேன்டீன் முழுசாக நிறைத்தாலே ஒரு லிட்டரை எட்டாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மூடி என்று பங்கு வைத்தார்கள். நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடை இருக்குமே, கிட்டத்தட்ட அந்த அளவு. அதை வைத்துக்கொண்டு திங்கள்கிழமை காலை வடமேற்கே நடக்க ஆரம்பித்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வடமேற்கு என்பது தப்பான திசை இல்லை. குதித்த இடத்திலிருந்து தளம் இருந்தது வடமேற்கில்தான். அந்த 330 டிகிரிக் கோட்டின் மேலேயே, இப்போது கால்நடையாக, வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தார்கள். தூரம்தான் பிசகியது. பக்கத்தில் கரை என்று நினைத்தார்கள். கடல் 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது. நடுவே கலன்ஷியோ மணற்கடல்.

தெற்கே 26 கிலோமீட்டர் நடந்திருந்தால் விமானமே கிடைத்திருக்குமே, தண்ணீரும் ரேடியோவும் இருந்ததே என்று எழுதாத ஆள் இல்லை. வரைபடத்தை மேலே இருந்து பார்க்கிற நமக்கு அது சுலபம். இருட்டில் ஆளில்லாமல் போன விமானம் எங்கேயோ விழுந்து எரிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது மெல்லத் தரையிறங்கி நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும் என்று நினைப்பவனைக் கூட இருப்பவர்களே வெயில் தாக்கிவிட்டது என்பார்கள்.

டோனரின் பதிவுகள் குட்டிக் குட்டியானவை. ஒரு நாளைக்கு நான்கைந்து வரி. பகலில் படுத்து, மாலையிலிருந்து இரவு முழுக்க நடை; 15 நிமிடம் நடை, 5 நிமிடம் ஓய்வு. செவ்வாய்க்கிழமை பிற்பகலை நரகம் என்கிறார். விமானம் எதுவும் வரவில்லை என்கிறார். புதன்கிழமை எல்லோரும் பலவீனம், எப்போதும் ஜெபம். இரவில் குளிர், ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருக்கிறது. தூங்க முடியவில்லை. வியாழக்கிழமை சரளைத் தரை முடிந்து மணல் மேடுகள் ஆரம்பம். மணல் விடாமல் வீசுகிறது. ஆடம்ஸும் மூரும் முடிந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன் என்று எழுதுகிறார். லாமோட்டுக்குக் கண் போய்விட்டது, மற்றவர்கள் கண்ணும் மோசம்.

வெள்ளிக்கிழமை குழு பிரிகிறது. ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி தேடி முன்னால் போகிறார்கள். மற்ற ஐவரால் எழுந்து நடக்க முடியவில்லை. எல்லோரும் சாகத்தான் விரும்புகிறோம் என்கிறது அன்றைய பதிவு. சனிக்கிழமை இரண்டு பறவைகளைப் பார்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் இருந்தால் பிழைத்துவிடுவோம், நாக்கை நனைக்கும் அளவுதான் பாக்கி என்று எழுதியிருக்கிறார். முந்தைய நாள் சாக விரும்பியவர்களின் பேச்சு இது. டைரியை முதலிலிருந்து படித்துவரும்போது இந்த வரியில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. கடைசிப் பதிவு ஏப்ரல் 12, திங்கள்: இன்னும் உதவி வரவில்லை, இரவு கடும் குளிர். அவ்வளவுதான்.

வழியெல்லாம் அடையாளம் விட்டுப் போனார்கள். பாராசூட் துணியைக் கிழித்து அம்புக்குறி போல விரித்துக் கல் வைத்தார்கள். பூட்ஸ், லைஃப் ஜாக்கெட் என்று கையில் இருந்ததையெல்லாம் அம்பாக்கினார்கள். பின்னால் தேடி வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டுமே.

தேடினார்கள், கடலில். தளத்தைப் பொறுத்தவரை விமானம் கடைசியாக இருந்தது 330 டிகிரியில், அதாவது மத்தியதரைக் கடல் மேல். எனவே கடலில் விழுந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதே எண் மேலே ஒன்பது பேரை நம்ப வைத்தது, கீழே தேடுகிறவர்களையும் நம்ப வைத்தது.

மணலில் ஒரு விமானம்

1958இல் லிபியாவில் பிரிட்டிஷ் கம்பெனிகள் எண்ணெய் தேடிக்கொண்டிருந்தன. அந்த வருடம் மே, ஜூன், நவம்பர் என்று மூன்று முறை, மேலே பறந்தவர்கள் கண்ணில் மணலில் கிடந்த விமானம் பட்டது. நவம்பர் 9 அன்று பார்த்தது எண்ணெய் ஆய்வுக் குழு. திரிப்போலி அருகே அமெரிக்கர்களின் வீலஸ் விமானத் தளத்துக்குத் தகவல் சொன்னார்கள். அந்தப் பகுதியில் எங்கள் விமானம் எதுவும் தொலையவில்லை என்று பதில் வந்தது. அலட்சியம் என்று இதைச் சொல்ல மாட்டேன். பதிவேட்டில் அந்த விமானம் கடலுக்கடியில் அல்லவா இருந்தது?

1959 பிப்ரவரி கடைசியில் பிரிட்டிஷ் நில அளவையாளர்கள் தரை வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். மே மாதம் அமெரிக்கக் குழு வந்தது. அவர்கள் பார்த்ததை அடுத்தடுத்து எழுதியவர்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டே எழுதியிருக்கிறார்கள். மெஷின்கன் சுட்டது. ரேடியோ வேலை செய்தது. பிளாஸ்கில் இருந்ததைக் குடிக்க முடிந்தது (அது காபியா டீயா என்பதில் மட்டும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை). ஆட்களும் இல்லை, பாராசூட்டும் இல்லை. குதித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த வருடம் மாதக்கணக்கில் தேடினார்கள். அம்புக்குறிகள் கிடைத்தன, ஆட்கள் கிடைக்கவில்லை. தண்ணீரில்லாமல் மனுஷன் எவ்வளவு தூரம் போக முடியும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு அதற்குள் தேடினார்கள். வண்டிகளும் மணலில் திணறின. தேடல் நின்றது.

1960 பிப்ரவரி 11 அன்று எண்ணெய்க் கம்பெனி ஆட்கள்தான், தங்கள் வேலையாகப் போனபோது, ஐந்து உடல்களைக் கண்டார்கள். ஹாட்டன், டோனர், ஹேஸ், லாமோட், ஆடம்ஸ். விமானத்திலிருந்து வடக்கே சுமார் 130 கிலோமீட்டர். குதித்த இடத்திலிருந்து பார்த்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரு மூடித் தண்ணீரில் நடந்திருக்கிறார்கள். டைரி அங்கேதான் கிடைத்தது. அமெரிக்கப் படை திரும்ப வந்தது, இந்த முறை சி-130 விமானமும் ஹெலிகாப்டர்களும் கொண்டு. மே மாதத்தில் ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும் தனித்தனியாகக் கிடைத்தார்கள். ஐவரும் கிடந்த இடத்திலிருந்து இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல், மணல் மேடுகளுக்குள், அதே வடமேற்குத் திசையில். ரிப்ஸ்லிங்கரும் ஒரு டைரி வைத்திருந்தார்.

மனித உடல் இவ்வளவு தாங்கும் என்று அன்றைய கணக்கு எதுவும் சொல்லவில்லை. 1959 தேடல் தோற்றதற்கு அதுவே காரணம்: அவர்கள் இவ்வளவு தூரம் வந்திருப்பார்கள் என்று யாரும் நம்பவில்லை.

வொராவ்கா ஆகஸ்டில் கிடைத்தார். விமானத்திலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் வடகிழக்கே, பாராசூட்டோடு.

பேய்க்கதை பற்றி ஒரு வார்த்தை

விமானத்திலிருந்து கழற்றிய பாகங்களை வேறு விமானங்களில் மாட்டினார்கள், அந்த விமானங்களுக்கெல்லாம் ஆபத்து வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. ஒன்றுக்கு புரொப்பெல்லரில் கோளாறு, ஒன்று கடலில் இறங்கியது, இருக்கையின் கைப்பிடி மாட்டிய இன்னொன்று சித்ரா வளைகுடாவில் பத்து பேரோடு போனது, கைப்பிடி மட்டும் கரை ஒதுங்கியது. படிக்கச் சுவாரசியம்தான். 15 வருடம் பாலைவனத்தில் காய்ந்த பாகத்தை எடுத்து மாட்டினால் கோளாறு வருவதற்கு ஆவி தேவையில்லை, அதுவும் போக, பாகம் மாட்டி ஒன்றும் ஆகாத விமானங்களை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நிஜமாக நடந்ததே போதுமான அளவுக்குப் பயங்கரம். அதன் மேல் பூசணிக்காய் உடைக்க வேண்டியதில்லை.

சிதைவு 1994 ஆகஸ்ட் வரை மணலிலேயே கிடந்தது. பார்க்கப் போனவர்கள் ஆளுக்கொன்றைப் பிய்த்துக்கொண்டு போனதால், கடைசியில் லிபியர்கள் மிச்சத்தை எடுத்து டோப்ரூக் பக்கம் ராணுவ வளாகத்தில் வைத்தார்கள். வீலஸ் தளத் தேவாலயத்தில் இவர்கள் நினைவாக வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் இப்போது ஓஹையோவில் டேட்டன் நகர விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புரொப்பெல்லர் ஒன்று மிச்சிகனில் லேக் லிண்டன் என்ற சிற்றூரில் நிற்கிறது. லாமோட்டின் ஊர் அது.

ஒன்பதில் எட்டு. மூர் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி ஒரே ஒரு தடயம் உண்டு, அதுவும் உறுதியானது இல்லை. 1953இல் அந்தப் பாலைவனத்தில் ரோந்து போன பிரிட்டிஷ் ராணுவக் குழு ஒன்று மனித எலும்புகளைக் கண்டது. அந்தப் பக்கம் விமானிகள் யாரும் காணாமல் போனதாக அவர்களுக்குத் தெரியாது. ஆகவே மேற்கொண்டு விசாரிக்காமல் அங்கேயே ஒரு குழி தோண்டி, அடக்கம் செய்துவிட்டுப் போனார்கள். அது மூராக இருக்கலாம். அந்த வருடம் விமானம் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. கோப்பில் அது கடலுக்கடியில்தான் இருந்தது.